எலிக்குச் சோறு போட்டது யார்?

எங்கள் ரெய்லருக்குள் எலி புகுந்ததை முதலில் கண்டது நான்தான். கனடாவில், விட்பி நகருக்கு வடக்கே ஒரு பண்ணைக்காரரின் சரளைக்கல் வளவில், குளிர்காலத்துக்கென்று நிறுத்தி வைத்திருக்கும் நாற்பது ஐம்பது ரெய்லர்களுக்கு நடுவே எங்களுடையதும் நின்றது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்னச் சக்கர வீடு அது. இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை, இரண்டு காஸ் அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி. கரண்டி வைக்கும் லாச்சியை இழுத்தபோது கறுப்பு அரிசிபோல ஏழு எலிப் புழுக்கைகள் உருண்டு வந்தன.

“உது பழசு,” என்றார் என் கணவர், எட்டியும் பார்க்காமல்.

பழைய புழுக்கை சாம்பல் பூத்திருக்கும், தொட்டால் உதிரும். இவை பளபளவென்று இருந்தன. எனக்கு இதெல்லாம் தெரியும். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை அங்கே பூச்சி மருந்துக்காரர் ஒருவர் வந்து, முழங்காலில் நின்று, ரோச் லைற் அடித்து மூலை மூலையாகப் பார்ப்பார். அவருக்குப் பின்னால் நானும் முழங்காலில் நிற்பேன். குளிர்ப்பெட்டிக் கதவை மூடிய பிறகும் ஒருதரம் இழுத்துப் பார்க்கிறவள் நான். வேலையிடத்தில் என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லுவார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை.

அப்படிப்பட்ட எனக்கு மூக்கு வேலை செய்யாது. முகத்தில் இருக்கிறது, கண்ணாடியைத் தாங்குகிறது, அவ்வளவுதான். கொரோனா இரண்டாம் முறை வந்தபோது காய்ச்சல் நாலு நாளில் போனது, அதோடு மணமும் போனது. திரும்பி வரும் என்றார் டொக்டர். பிறகு, வரலாம் என்றார். பிறகு அந்தக் கதையை எடுப்பதையே விட்டுவிட்டார். உப்பு, புளி, இனிப்பு, கசப்பு, உறைப்பு இவ்வளவும் நாக்குக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

மணம் தெரியாதவளுக்கு வீட்டில் எதையும் நம்ப முடியாது. காஸ் கசிகிறதா, பால் கெட்டுவிட்டதா, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் ஏன் எழும்பிப் போனாள், என் கோட்டிலிருந்து என்ன வீசுகிறது, எதற்கும் பதில் கிடையாது. அந்தப் பயத்தில் மணக்கிற சாமான் எல்லாவற்றையும் வீட்டில் தடை செய்தேன். முதலில் போனது கருவாடு. ரெய்லருக்கும் அதே சட்டம்தான், ஏனென்றால் மெத்தையில் ஏறின மணம் இறங்காது.

பிறகு கணவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தேன். இனி அவருடைய மூக்குத்தான் என்னுடைய மூக்கு. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். “மணக்குதோ?” என்று கேட்பேன், “இல்லை,” என்பார். சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு “எப்பிடி?” என்பேன், “நல்லாயிருக்கு,” என்பார். இந்த இரண்டு பதிலையும் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருடமாக நான் வீடு நடத்தினேன், சமைத்தேன், நாலு பேரோடு பழகினேன். ஊர் முழுவதையும் சந்தேகப்பட்டேன், இந்த மனுசனின் மூக்கை மட்டும் நம்பினேன். அது பொய் சொன்னால் எனக்குப் போக்கிடம் இல்லை.

ஆகவே எலி எனக்குச் சின்ன விசயம் இல்லை. எலி வயரைக் கடிக்கும், சுவருக்குள் இருக்கிற பஞ்சைப் பிடுங்கும், நோய் கொண்டுவரும். இதையெல்லாம் விட, அதன் மூத்திர மணம் ரெய்லரில் ஏறினால் வருகிற போகிற எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற இடத்தில் நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அதை நினைக்கவே உடம்பு கூசியது.

அது சோளம் வெட்டும் காலம். வளவுக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சோள வயல். மெசின் இறங்கினால் சுண்டெலிகள் எல்லாம் வேலி தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். பென்சில் நுழைகிற ஓட்டை போதும் சுண்டெலிக்கு, கட்டைவிரல் நுழைந்தால் பெரிய எலியே வரும் என்று மருந்துக்காரர் சொல்லித் தந்திருந்தார். நான் பழைய கம்பளம் ஒன்றைச் சரளைக்கல்லில் விரித்து, கையில் பென்சிலோடும் ரோச்சோடும் ரெய்லருக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். பதினொரு இடத்தில் பென்சில் நுழைந்தது. தண்ணீர்க் குழாய் ஏறுகிற இடம், கழிவுக் குழாய் இறங்குகிற இடம், கரண்ட் வயர் இழுக்கிற மூடி, சில்லுக்கு மேலே தகடு மடிகிற இடம். எல்லாவற்றிலும் சட்டி தேய்க்கிற கம்பிச்சுருளைத் திணித்து, மேலே, காய்ந்து இறுகுகிற நுரை அடித்தேன். வெறும் நுரையை எலி கடித்துத் துப்பிவிட்டு வரும், கம்பி பல்லில் பட்டால்தான் விடும்.

கணவர் வெளியே நின்று சாமான்களை எடுத்துத் தந்தார். “காணுமப்பா, வாரும். முதுகு பிடிக்கப்போகுது,” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சொன்னார். என்னை ஏன் வெளியே எடுப்பதில் இவ்வளவு அவசரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். எலி கடும் மணத்துக்கு ஓடும் என்று எங்கோ வாசித்திருந்தேன். வெள்ளைக்காரர் புதினா எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைப்பார்களாம். புதினாவுக்கு ஓடுகிற எலி எங்கள் வீட்டுத் தூளைக் கண்டால் நாட்டை விட்டே ஓடாதா என்று நினைத்தேன். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் என் கையாலேயே வறுத்து அரைத்த கறித்தூள். மார்க்கம் நகரில் மகனின் குடும்பத்தோடு இருக்கும் என் மச்சாளுக்கும், அதாவது இவருடைய அக்காவுக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருதரம் ஒரு போத்தல் கொடுத்து விடுவேன். அந்தத் தூளைத் தொட்டிக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, கதவடியில் என்று நீளக் கோடாகப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் பாதிக் கோட்டைக் காணோம். நக்கித் துடைத்திருந்தது. மிச்சத்தில் சின்னச் சின்னக் கால் அடையாளங்கள். மல்லியையும் சீரகத்தையும் வறுத்துக் கொண்டுபோய் வாசலில் வைத்தால் எலி தின்னாமல் என்ன செய்யும்! எங்கள் தூளின் உறைப்பில் எனக்கு இருந்த பெருமைதான் கண்ணை மறைத்தது.

“எலிக்கும் பிடிச்சிருக்கு,” என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “எலி எதையும் தின்னும்,” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எது குத்தியது என்று பிடிபடவில்லை.

பிறகு பொறி வைத்தோம். கச்சான் பட்டரை, அதாவது வேர்க்கடலை வெண்ணெயை, பயறளவு பூசி, சுவரோரமாக ஆறு பொறி. எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை. அவருக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் திங்கள் முதல் வெள்ளி வரைதான். அதனால் சனிக்கிழமை போய்ப் பொறி பார்க்கிற பொறுப்பை அவரே கேட்டு எடுத்துக்கொண்டார். குப்பை வாளியை வாசலில் வைக்க மூன்றுதரம் சொல்ல வேண்டிய மனுசன் இவர். கேட்டு எடுத்துக்கொண்டார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. சனி பின்னேரம் வந்து “ஒண்டும் விழேல்லை,” என்பார். ஞாயிறு நான் போனால் பொறி வைத்தது வைத்தபடி இருக்கும், புழுக்கை மட்டும் கூடியிருக்கும்.

மருந்துக்காரரிடம் கேட்டேன். அவர் எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு, அங்கே யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். கச்சான் பட்டரை எலி திரும்பியும் பார்க்கவில்லை என்றால், அதைவிட நல்ல சாப்பாடு பக்கத்தில் கிடைக்கிறது என்றுதான் அர்த்தமாம். அது பூட்டிக் கிடக்கிற ரெய்லர் என்றேன். அப்படியென்றால் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மூலைக்குப் போனார். திறப்பு இரண்டு. ஒன்று என் கைப்பையில், மற்றது இவருடைய பிக்கப்பில்.

அந்த ஞாயிறு முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கீழே இருக்கும் பலகையைக் கழற்றினேன். சுவர்ப் பஞ்சையும் கிழித்த கடதாசியையும் சேர்த்துக் கட்டிய ஒரு கூடு இருந்தது. எலிக்கூட்டைக் காய்ந்தபடி தொடக்கூடாது, தூசு மூக்குக்குள் போய்விடும். பிளீச் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுப் பிரித்தேன். உள்ளே காய்ந்த சோற்றுப் பருக்கைகள். முருங்கைக்காய்ச் சக்கை ஒரு துண்டு. அடியில் ஒரு நெத்தலிக் கருவாட்டின் தலை.

அதைக் கையுறையில் வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

“இது எங்கையிருந்து வந்தது?”

“எலி எங்கையாவது இழுத்துக்கொண்டு வந்திருக்கும்.”

“விட்பியிலை, சோள வயலுக்குள்ளை, நெத்தலிக் கருவாடோ?”

“பக்கத்து ரெய்லர்க்காரர் ஆராவது போட்டிருப்பினம்.”

பக்கத்து ரெய்லர், கூரையில் கனடாக் கொடி கட்டியிருக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. அந்த மனுசன் முருங்கைக்காய் சப்புகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை. நான் கூட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பி அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினேன். மஞ்சளாக ஊறிப் போயிருந்தது, அது மூத்திரம் என்று கண்ணுக்கே தெரிந்தது.

“மணக்குதோ?”

“இல்லை,” என்றார்.

அவர் மூச்சை இழுக்கவே இல்லை. நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தெருவில் கண்டவர் சுகமோ என்று கேட்டால் சுகம் என்று சொல்லிக்கொண்டு போவோமே, அப்படி ஒரு பதில். இந்த இரண்டு வருடத்தில் இவர் எத்தனை தரம் மணந்து பார்த்துப் பதில் சொல்லியிருப்பார்?

அந்தக் கிழமை முழுக்க நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவருடைய மூக்கைக் காவல் காத்தேன். பால் போத்தலைக் கொடுத்து “பழுதோ?” என்றால் மூடியைத் திறக்க முதலே “இல்லை” என்றார். என் கோட்டை நீட்டினால் தலையைத் திருப்பாமலே “ஒண்டுமில்லை” என்றார். சாப்பாட்டில் மட்டும் அவரைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைக்கிற மனுசன் அதில் என்ன பொய் சொல்லப்போகிறார்?

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாமல் நான் தனியே விட்பிக்குக் காரோட்டினேன். கையில் ஒரு பவுடர் டின். எங்கள் வீடுகளில் எது இல்லாவிட்டாலும் முகத்துக்குப் பூசுகிற பவுடர் இருக்கும். தூளில் ஒருதரம் சூடு கண்டவள் ஆனபடியால், எலி தின்னாத சாமானாகப் பார்த்து எடுத்தேன். தேத்தண்ணி வடியில் போட்டுத் தட்டித் தட்டி, நிலம் முழுக்க மெல்லிசாகத் தூவிவிட்டுப் பின்பக்கமாக நடந்து வெளியே வந்து பூட்டினேன். எலி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்கத்தான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பவுடர் கதவைத் திறந்ததுமே மணக்கும் என்பது எனக்கு யோசனையிலேயே வரவில்லை.

சனி பின்னேரம் அவர் வந்தார். “ஒண்டும் விழேல்லை.” பவுடரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஞாயிறு போய்ப் பார்த்தால் நிலம் கண்ணாடிபோலத் துடைத்திருந்தது.

“ஆர் துடைச்சது?”

“நான்தான். வெள்ளையா என்னவோ கிடந்துது. எலி மருந்தாக்கும் எண்டு நினைச்சன்.”

“நேற்று ஏன் சொல்லேல்லை?”

“மறந்துபோனன்.”

பச்சைப் பொய். அவர் பிக்கப்புக்குப் போன நேரம் நான் நிலத்தில் குப்புறப் படுத்து ரோச் அடித்தேன். மேசைக்குக் கீழே, துணி எட்டாத மூலையில் கொஞ்சப் பவுடர் தப்பியிருந்தது. அதில் ஒரு காலடி. எலியின் கால் இல்லை, மனிசக் கால். ஐந்து விரலும் தெரிந்தன. என் சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். என் காலைவிடச் சின்னது.

நான் அங்கேயே இருந்துவிட்டேன். அறுபதை எட்டப்போகிற மனுசன், முழங்கால் வலிக்கு இரண்டு நேரம் குளிசை போடுகிறவர், அவருக்கு ஒரு பெண் தொடர்பா என்று சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை, என்னை வேலைக்கு அனுப்பிவிட்டு, பூட்டிய ரெய்லருக்குள் சின்னக் கால்காரி ஒருத்தி சோறும் முருங்கைக்காயும் ஆக்கிக் கருவாடு பொரித்துக் கொடுக்கிறாள். என் ஆத்திரத்தில் பாதி அந்தக் கருவாட்டில்தான் இருந்தது. அவளுக்கு அதன் மணம் தெரியும், எனக்குத் தெரியாது.

அடுத்த சனி வேலைக்குச் சுகமில்லை என்று அறிவித்தேன். வழக்கம்போலக் காலையில் வெளிக்கிட்டு, ஒரு கோப்பிக் கடையில் இரண்டு மணித்தியாலம் இருந்து சுடுதண்ணீர் போன்ற எதையோ குடித்துவிட்டு, பதினொரு மணிக்கு வளவு வாசலில் காரை விட்டேன். சரளைக்கல்லில் சத்தம் வராமல் நடப்பது லேசு இல்லை. பிக்கப் நின்றது. ரெய்லரின் கூரை விசிறி சுற்றியது. மூக்குள்ள யாராக இருந்தாலும் வாசலிலேயே விசயம் விளங்கியிருக்கும், நான் யன்னலடிக்குப் போகவேண்டியிருந்தது. எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் சிரித்தாள்.

யன்னல் இடுக்கால் பார்த்தேன். அடுப்படியில் நின்றது மச்சாள்.

நெஞ்சு இறங்கி இடத்துக்கு வந்தது. அடுத்த நிமிடமே அவருடைய முகத்தைக் கண்டேன். மேசையில் கோப்பை நிறையச் சோறு, முருங்கைக்காய்க் கறி, பொரித்த கருவாடு. அவர் பிசைந்து உருட்டி வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நெற்றியில் வேர்வை. கருவாட்டு வாலைக் கடித்தார், விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார், “இன்னும் கொஞ்சம் போடக்கா,” என்று சின்னப் பிள்ளைபோலக் கோப்பையை நீட்டினார். அந்த முகத்தை நான் இரண்டு வருடமாகக் காணவில்லை. என் முன்னால் இவர் சாப்பிடுகிற முகம் வேறு, குளிசை விழுங்குகிறவர் முகம். வயது போனால் சாப்பாட்டில் நாட்டம் குறையும் என்று நான் நினைத்திருந்தேன்.

கதவைத் திறந்தேன். “எலிக்கு ஆர் சோறு போடுறது எண்டு இப்பத்தான் தெரியுது.”

அவர் கை அந்தரத்தில் நிற்க எழும்பினார். மச்சாள் அடுப்பை நிற்பாட்டினார். “வாரும் பிள்ளை, இரும்,” என்றார், என்னவோ தன் வீட்டுக்கு நான் விருந்துக்கு வந்ததுபோல.

“ஏன் ஒளிச்சனீங்கள்? என்னட்டைச் சொன்னால் நான் தலையை வெட்டிப்போடுவனோ? நான் கம்பியும் நுரையும் எண்டு கீழை கிடந்து சாகிறன், நீங்கள் மேலை இருந்து எலிக்கு விருந்து வைக்கிறியளோ?” வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

“அக்கா வீட்டிலை மருமகள் கருவாடு பொரிக்க விடமாட்டா,” என்றார் அவர். “நீரும் விடமாட்டீர். அதுதான் கிழமைக்கு ஒருக்கா...”

அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மன்னித்தும் இருப்பேன். மச்சாள் விடவில்லை.

“பொய் சொல்லாதை தம்பி, காணும்,” என்றார். என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, அவன் கருவாட்டுக்கு வரேல்லை. வாய்க்கு ருசியா ஒரு நேரம் தின்ன வாறான். உம்மட தூள் கருகல். நீர் தாற போத்திலை மணந்து பாத்துப்போட்டு நான் திறக்கிறேல்லை, அப்பிடியே அடுக்கி வைச்சிருக்கிறன். துருவி வைச்ச தேங்காய்ப்பூ பழுதாப்போனாலும் தெரியாமக் கறிக்குள்ளை போடுறீர். ரெண்டு வருசமா உதைத்தான் அவன் தின்னுறான்.”

“அக்கா!” என்று அவர் கத்தினார். தன் அக்காவோடு அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

எனக்கு அந்தக் கத்தலே போதுமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். “நல்லாயிருக்கெண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“ஒவ்வொரு நாளும் சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“ஏன்?”

அவர் கையைத் துடைக்கத் துணி தேடினார், கிடைக்கவில்லை. “முதல் நாள் கருகிப்போச்செண்டு சொன்னனான். நீர் அடுப்படியிலை நிலத்திலை இருந்து அழுதனீர். ஒரு கிழமை சமைக்கேல்லை, என்னோடை கதைக்கேல்லை. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?”

அழுதது நினைவிருந்தது. மூக்குப் போனதற்கு அழுதேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சொன்ன சொல்லை நான் மறந்துவிட்டேன், அவர் என் அழுகையை மறக்கவில்லை.

நின்ற இடத்திலேயே ஒவ்வொரு முகமாக வந்தது. போன வருடம் அவருடைய பிறந்தநாளுக்கு நான் ஆக்கிய ஆட்டிறைச்சியை “பிரமாதம்” என்ற சொந்தக்காரர்கள். வேலையிடத்துக்கு நான் கொண்டுபோன ரோல்ஸை ஒரு கடியோடு கடதாசியில் சுற்றி, வீட்டில் போய்ச் சாப்பிடுகிறேன் என்றவர்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டிருக்கிறார்கள், நான் முன்வரிசையில் இருந்து கை தட்டியிருக்கிறேன். எலிப் புழுக்கையில் பழசு புதுசு பார்த்த எனக்கு, என் கறிச்சட்டியைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மச்சாள் ஒரு கோப்பையில் சோறு போட்டு என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு துடைக்கத் தொடங்கினேன். மேசைக்கீழ், அடுப்பின் பின்பக்கம், கட்டில் இடுக்கு, ஒரு பருக்கை மிஞ்சாமல். அடுப்பை இழுத்தபோது காஸ் குழாய் வருகிற இடத்தில் பென்சில் நுழைந்தது. நான் தவறவிட்ட பன்னிரண்டாவது ஓட்டை அது. கம்பியைத் திணித்து அடைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் படியில் இறங்கி நின்று, வகுப்புக்கு வெளியே விட்ட பிள்ளைகள்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிழமை நான் சமைக்கவில்லை, பாணும் முட்டையும்தான். அடுத்த சனி வேலை முடிந்து நேரே போய் அவரோடு ரெய்லரைத் திறந்தேன். உள்ளே மிஞ்சிக் கிடந்த எலிகள், வேறு சாப்பாடு இல்லாமல், கச்சான் பட்டருக்கு வந்து நாலு பொறியில் விழுந்திருந்தன. அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு புழுக்கை இல்லை. மருந்துக்காரர் என்னைக் கெட்டிக்காரி என்றார். யார் சாப்பிட்டது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எலிகள் பொறியில் விழுந்ததைக் கண்ட மறுநாள், ஞாயிறு மத்தியானம், ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். என் தூளைத்தான் போட்டேன், வேண்டுமென்றே. கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தேன். மற்ற நாட்களில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன், அன்றைக்குக் கதிரையை இழுத்து நேரெதிரே இருந்தேன்.

“எப்பிடி?”

அவர் ஒரு வாய் வைத்தார். “நல்...” என்று தொடங்கி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

“கருகல்,” என்றார். “தின்னேலாது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வராது என்று நினைத்திருந்தேன், வந்தது. அவர் பயந்துபோய்க் கோப்பையைத் திரும்ப இழுத்து அவசர அவசரமாகப் பிசையத் தொடங்கினார்.

“தொடாதேங்கோ,” என்றேன். கோப்பையைப் பறித்துக் குப்பையில் கொட்டினேன். சட்டியில் இருந்ததையும் கொட்டினேன். தூள் போத்தலையும் போட்டேன்.

அவர் எச்சில் கையோடு மேசையில் இருந்தார். “அப்ப இண்டைக்கு என்னத்தைச் சாப்பிடுறது?” என்றார், மெல்ல.

“எழும்பி இஞ்சை வாங்கோ.”

அடுப்பில் வெறும் சட்டியை வைத்து மல்லியைக் கொட்டினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் தோளோடு தோளாக நின்று, சட்டிக்கு மேலே குனிந்தார். நான் அகப்பையால் பிரட்டினேன். “இன்னும்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இன்னும் கொஞ்சம்,” என்றார். ஒருதரம் தும்மினார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்து, “காணும், இறக்கும்,” என்றார்.

நான் இறக்கினேன். சிவந்ததா கறுத்ததா என்று சட்டிக்குள் பார்க்கவில்லை.